சின்னப்பரும் டிகிரி காப்பியும்

சென்னையிலிருந்து தென்திசை நோக்கி வரும் நெடுஞ்சாலைகளில் பயணம் செய்வோர் கண்ணில் தவறாமல் படும் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்பதே அது. பித்தளை டபராவும் தம்ளருமாய்க் கையில் வந்து சேரும் அந்தக் காப்பியின் மணத்தோடு நம் ஊரின் பெயரும் தமிழகமெங்கும் பரவியிருப்பது நமக்குப் பெருமைதான். ஆயினும் பருகுவோரைப் பார்த்து, “ஐயா, இதில் ‘டிகிரி’ என்பது என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் புன்னகை செய்வர். சிலர், “நல்ல காப்பி என்று பொருள்” என்பர். அதற்குமேல் போவோர் அரியர்.

இச்சொல்லுக்கு இரண்டு விளக்கங்கள் வழங்கி வருகின்றன. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறியப் பால்மானியை இட்டுப் பார்ப்பார்கள். அது காட்டும் டிகிரி குறையாத, தண்ணீர் கலவாத பாலில் போட்ட காப்பியே டிகிரி காப்பி என்பது ஒன்று. காப்பித்தூளோடு சிக்கரி என்னும் வேர்த்தூளைக் கலப்பது வழக்கம். அந்தச் ‘சிக்கரி’யே மக்கள் நாவில் திரிந்து ‘டிகிரி’ ஆயிற்று என்பது மற்றொன்று. சற்றே எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். முதல் விளக்கத்தின்படி ‘டிகிரி’ என்பது கலப்பின்மைக்குப் பெயர். இரண்டாவதன்படி அது கலப்புக்கே பெயர். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு பொருளையும் ஒரே சொல் சுமந்து நிற்கிறது. நாமோ எதனைப் புகழ்கிறோம் என்று அறியாமலே புகழ்ந்து பருகிக்கொண்டிருக்கிறோம்.

காப்பியில் இது குற்றமில்லை. சுவை நாவுக்குத் தெரியும். சொல் தெரியாவிட்டாலும் இழப்பில்லை. ஆனால் இதே பழக்கம் உறவை அழைப்பதிலும், இறந்தோர்க்காக மன்றாடுவதிலும், மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் புகுந்துவிடும்போது அது சிரிப்புக்குரியதாக இருப்பதில்லை. பிறமொழிச் சொல் நம் வீட்டுக்குள் வந்தது பிழையன்று. வந்தவரை யார், எவ்வூர், என்ன செய்தி என்று கேளாமல் விட்டதே பிழை என்பது நமது கருத்து. இக்கட்டுரையில் நாம் வாதிட விரும்புவதும் அதுவே.

விருந்தினராய் வந்த சொற்கள்

தமிழ் ஒருபோதும் கதவடைத்து வாழ்ந்த மொழியன்று. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவற்றுள் இரண்டு, வெளியிலிருந்து வந்தவை. வந்தவற்றுக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே: வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு இணங்கி வரவேண்டும். விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போன்ற ஒழுங்கு இது.

இன்று காலையில் நாம் சன்னலைத் திறந்திருப்போம். அலமாரியைத் திறக்கச் சாவியைத் தேடியிருப்போம். மேசைமேல் எதையோ வைத்திருப்போம். சன்னல், அலமாரி, சாவி, மேசை ஆகிய நான்குமே போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொற்கள். ‘பாதிரியார்’ என்ற சொல்லும் அவர்களோடு வந்ததே. வக்கீல், ஜாமீன், ஜப்தி, வசூல் முதலியவை அரபு, பாரசீக மொழிகளிலிருந்து ஆட்சி வழியாக வந்து சேர்ந்தன. நாம் நெற்றியில் இடும் அடையாளத்துக்குரிய ‘சிலுவை’ என்ற சொல்லோ சிரியாக் மொழியிலிருந்து வந்தது. இவற்றையெல்லாம் எடுத்து வெளியே எறிந்தால் நம் வீடும் வெறுமையாகும், கோவிலும் வெறுமையாகும்.

நாம் கடன் வாங்கியவர்கள் மட்டுமல்லர், கொடுத்தவர்களும்கூட. காவிரிப் படுகையில் பணியாற்றிய ஆங்கிலப் பொறியாளர்கள், ‘அணைக்கட்டு’ என்ற நம் சொல்லையே ‘அனிகட்’ என்று எழுதிக்கொண்டனர். கல்லணை ‘கிராண்ட் அனிகட்’ ஆயிற்று. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் எழுப்பிய கீழணை ‘லோயர் அனிகட்’ ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அணைக்கரைப் பாலத்தைக் கடந்து போகும் நம் இளைஞர்கள் பலர், ‘அனிகட்’ என்பதை ஏதோ ஆங்கிலச் சொல் என்றே எண்ணுகின்றனர். நம் வீட்டுப் பிள்ளை வெளிநாடு சென்று கோட்டு அணிந்து திரும்பியபோது, பெற்றவரே அடையாளம் காணாத கதை இது. கேட்டறியும் பழக்கம் போய்விட்டால் பிறர் சொல் மட்டுமன்றி நம் சொல்லும் நமக்கு அந்நியமாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சவேரியார் திருத்திய ஒரு சொல்

கேட்டறிந்தோர் எப்படி நடந்துகொண்டனர் என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே அருமையான சான்றுகள் உள்ளன. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், அம்மக்களின் மொழியில் செபங்களைக் கற்பிக்க முயன்றார். தமிழ் அறிந்தோரின் துணையோடு மொழிபெயர்த்து, அவற்றை மனனம் செய்துகொண்டார். விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்திருந்தது. கடவுளை விசுவசிக்கிறேன் என்று அறிக்கையிட வேண்டிய மக்கள், கடவுள் எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தனர்.

1544இல் தம் உடன் ஊழியரான மான்சிலாசுக்கு எழுதிய மடலில் சவேரியார் இதைத் திருத்துமாறு பணிக்கிறார். ஒரு சொல்லுக்கு விருப்பம் என்று பொருள், மற்றதற்கு விசுவாசம் என்று பொருள் என விளக்கி, இனி இரண்டாவதையே சொல்லச் செய்யுங்கள் என்கிறார். கடலோரக் குடிசைகளில் உழைத்துக் களைத்த ஒருவர், ஒரே ஒரு சொல்லுக்காக இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார். கடவுள் வேண்டும் என்பது ஆசை. கடவுளை விசுவசிக்கிறேன் என்பது தன்னைக் கையளித்தல். இரண்டுக்கும் உள்ள தொலைவு இறையியலின் முழுத் தொலைவு. அந்தத் தொலைவை அவர் எந்த நூலகத்திலும் அமர்ந்து கண்டிருக்க இயலாது. அக்கரையின் மக்கள் அன்றாடம் ‘மீன் வேணும்’, ‘தண்ணி வேணும்’ என்று பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டவர்க்கே அது புலப்பட்டிருக்கும்.

அவர்க்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் இலக்கணத்தையே எழுதிப் பயின்றார்; 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. அந்த மரபில் முதிர்ந்த கனியாக வந்தவர் வீரமாமுனிவர். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிய அவர், 1732இல் சதுரகராதியைத் தந்தார். அவரது தேம்பாவணியில் சூசையப்பருக்கு ‘வளன்’ என்று பெயர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு ‘அவர் மேலும் தருவார்’ என்பது பொருள். பெருகுதலையும் வளர்தலையும் குறிக்கும் அப்பொருளைக் கேட்டறிந்து, வளம் என்னும் வேரிலிருந்து ‘வளன்’ என்று வடித்தார். யோவான் என்பதற்குக் ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ என்பது பொருள். ஆகவே திருமுழுக்கு யோவான் அவரது காப்பியத்தில் ‘கருணையன்’ ஆனார். திருச்சிராப்பள்ளியில் உள்ள புகழ்பெற்ற கல்லூரி ‘தூய வளனார் கல்லூரி’ என்று இன்றும் அழைக்கப்படுவது அந்தக் கேட்டறிதலின் நீண்ட நிழல்.

பெரும்புலவர்களின் ஏட்டில் மட்டுமன்று, எளிய மக்களின் வாயிலும் இந்த அழகு இருந்தது. நம் பாட்டன்மார் பவுலடியாரைச் ‘சின்னப்பர்’ என்றனர். பவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தம்மைத் திருத்தூதர் அனைவரிலும் கடையவராக அவரே எண்ணிக்கொள்கிறார். இலத்தீன் தெரியாத உழவரும் சின்னப்பர் என்று சொன்ன கணத்திலேயே அந்தத் தாழ்மையை உச்சரித்தனர். கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘பவுல்’ என்ற வடிவத்தை ஏற்றது. சபைகள் ஒரே பெயரை வழங்குவதால் விளைந்த நன்மை பெரிது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் கூட்டலைப் போற்றும் நாம் கழித்தலையும் கணக்கில் எழுதுவது நேர்மை. ‘பவுல்’ ஒலியைத் தருகிறது. ‘சின்னப்பர்’ பொருளைத் தந்தது. புதுப்பெயரோடு பழம்பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லையே!

கேளாமல் வழங்கும் சொற்கள்

இந்த மரபின் வாரிசுகளாகிய நாம் இன்று சொற்களை எவ்வாறு வழங்குகிறோம் என்று பார்ப்போம். ‘நடு சென்டர்’, ‘லாஸ்ட் கடைசி’ என்பன போன்றவற்றை நாம் பெரிதுபடுத்தவில்லை. மொழி தெரியாதவன் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்கிறான், சிரித்துவிட்டுப் போகலாம்.

‘கான்வென்ட்’ என்ற சொல் அப்படியன்று. கூடிவருதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, துறவியர் கூடி வாழும் இல்லத்துக்குப் பெயராயிற்று அது. அருள்சகோதரியர் தம் இல்லத்தோடு சேர்த்துப் பள்ளிகளை நடத்தினர். அங்கு ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. இப்போது ஒரு சகோதரிகூட எட்டிப் பாராத, மாடிக் கட்டடத்தில் நடக்கும் எந்த ஆங்கிலவழிப் பள்ளியும் ‘கான்வென்ட்’ ஆகிவிட்டது. துறவுக்குப் பெயராயிருந்த சொல், கட்டணத்துக்குப் பெயரானது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

‘மாஸ்’ என்பது இன்னொன்று. நம் வீட்டுப் பிள்ளை ஞாயிறு காலையில் ‘மாஸுக்குப் போகிறேன்’ என்கிறான். மாலையில் திரைப்படம் பார்த்துவிட்டு ‘படம் மாஸ்’ என்கிறான். பின்னது கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். முன்னது அனுப்புதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பலியின் முடிவில் மக்களை உலகிற்குள் அனுப்பிவைக்கும் வாழ்த்தின் சொல்லே முழு வழிபாட்டுக்கும் பெயராயிற்று. ‘திருப்பலி’ என்ற தமிழ்ச்சொல் பீடத்தில் நடப்பதைக் கூறுகிறது. ‘மாஸ்’ என்ற சொல் வாசலுக்கு வெளியே நடக்க வேண்டியதைக் கூறுகிறது. இரண்டும் தெரிந்தவன் இரண்டு செல்வம் உடையவன். ஒன்றும் தெரியாமல் இரண்டையும் சொல்பவனை என்னவென்பது?

எல்லாவற்றிலும் நெஞ்சை உறுத்துவது ‘ஆர்.ஐ.பி.’ என்னும் மூன்றெழுத்து. ஒருவர் இறந்த செய்தி கைப்பேசியில் வந்த மறுநிமிடம் இந்த மூன்றெழுத்து வரிசையாக வந்து விழுகிறது. ‘அமைதியில் இளைப்பாறுவாராக’ என்னும் இலத்தீன் மன்றாட்டின் முதலெழுத்துகள் அவை. ஆங்கிலத்திலும் அதே எழுத்துகள் பொருந்துகின்றன. அது செய்தியன்று, செபம். இறந்தவர்க்காக இறைவனிடம் வேண்டிக்கொள்ளும் கடமையின் சுருக்கம். அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கணத்தில் வேண்டிக்கொள்கிறார்கள்? போட்டியில் தோற்ற அணிக்கும் அதே மூன்றெழுத்தைக் கேலியாக அனுப்பும் காலம் இது. ‘நித்திய இளைப்பாற்றி’ என்று நம் மூதாட்டியர் சொன்னபோது, வெயிலில் நாற்று நட்டுக் களைத்த உடல் நிழலில் சாய்வதன் இதம் அச்சொல்லில் இருந்தது. வயலைத் தெரிந்த சொல் அது. மூன்றெழுத்துக்கு வயலும் தெரியாது, களைப்பும் தெரியாது.

உறவுச் சொற்களின் நிலையும் இதுவே. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தான் என்று ஒவ்வொரு உறவுக்கும் உரிமையும் கடமையும் வகுத்துத் தந்த சொற்களை ‘அங்கிள்’ என்ற ஒரே உறையில் போட்டு மூடிவிட்டோம். மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர். சித்தப்பா தந்தைக்கு நிகராக நிற்க வேண்டியவர். ‘அங்கிள்’ என்ன செய்ய வேண்டியவர்? யாருக்கும் தெரியாது, ஆகவே அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் சொல்லை அயலார் கேளாமல் வழங்கியதும் உண்டு. ‘பறையர்’ என்னும் பெயரை எடுத்துச் சென்ற ஐரோப்பியர், ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ‘பரையா’ என்று தங்கள் அகராதிகளில் ஏற்றினர். இன்றும் ஆங்கில நாளிதழ்கள், உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டை அச்சொல்லால் குறிக்கின்றன. பறை முழக்கத்தோடு வழங்கும் ஒரு மக்களின் பெயர், உலகெங்கும் இழிசொல்லாக உலவுகிறது. நம் திருச்சபையின் பெரும் பகுதி அம்மக்களே. அந்த நாளிதழை வாசிக்கும் நம்மவர், அச்சொல் வரும் வரியைத் தயக்கமின்றிக் கடந்து போகின்றனர். கேளாமல் வழங்கும் சொல் எத்தகைய காயத்தைச் சுமந்து திரியக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று நாமறியோம்.

மாயூரத்து முன்சீப்பின் வழக்கு

சொல் தெரியாமையின் சுமை எப்போதும் எளியவர்மீதே விழுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் தாயாருக்குச் சதைப் பரிசோதனை செய்தார்கள். தாளில் ‘நெகட்டிவ்’ என்றிருந்தது. ‘நெகட்டிவ்’ என்றால் கெட்டது என்று யாரோ சொல்ல, இரவெல்லாம் வீடு அழுதது. நோய் இல்லை என்பதே அதன் பொருள் என்று மறுநாள் செவிலி ஒருவர் சொன்ன பின்னரே அடுப்பு எரிந்தது. இன்னொரு பக்கம், ‘ஷூரிட்டி கையெழுத்து’ என்று கேட்டால் தயங்காமல் கைநாட்டு இடும் கூலித் தொழிலாளி, ‘ஜாமீன்’ என்று சொல்லியிருந்தால் ஒரு கணம் நின்று யோசித்திருப்பார். ஜாமீனும் பிறமொழிச் சொல்தான். ஆனால் அது பல தலைமுறைகளாக நம் மண்ணில் கடன்பட்டு, வழக்காடி, துன்பப்பட்டுப் பொருள் பெற்ற சொல்.

இந்த இடத்தில் நாம் நினைவுகூர வேண்டியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் குளத்தூரில் பிறந்த இக்கத்தோலிக்கப் பெருமகனார், தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாகப் பணியாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற நூலாகத் தந்தார். 1879இல் வெளிவந்த அவரது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பது பலரும் அறிந்தது. அதனுள் ஒரு வழக்கு வாதாடப்படுவது பலர் நினைவில் இருப்பதில்லை. தமிழ்நாட்டில், தமிழ் அறிந்த நீதிபதிக்கு முன், தமிழரான வக்கீல், தமிழரான கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதிடுவது என்ன நீதி என்று அந்நாவல் கேட்கிறது. தன் உயிரும் உடைமையும் எப்படி நிறுக்கப்படுகின்றன என்று உரியவனுக்கே தெரியாமற்போவதை அது நகைத்துக் கண்டிக்கிறது.

திறனாய்வு நோக்கில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, நாவலின் இப்பகுதி கதையாக நடைபெறவில்லை, சொற்பொழிவாக நடைபெறுகிறது. கதை ஓரமாக ஒதுங்கி நின்று உரையைக் கேட்கிறது. நிலத்தை இழந்த ஓர் உழவன் அந்த மன்றத்தில் வாய் திறந்திருந்தால் நம் நெஞ்சில் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். இரண்டாவது, இப்பகுதியைத் தூய தமிழ் இயக்கத்தின் முன்னோடிக் குரலாகக் கொள்வோர் நூலின் நடையைக் கவனிக்க வேண்டும். தலைப்பிலுள்ள ‘சரித்திரம்’ முதல் அவரது உரைநடை வடசொல் நிறைந்தது. வக்கீலும் கோர்ட்டும் அதில் தாராளமாக வருகின்றன. ஆங்கிலக் கல்வியை அவர் வெறுத்தவரும் அல்லர். அவரது அளவுகோல் சொல் எங்கே பிறந்தது என்பதன்று; கேட்பவனுக்கு விளங்குகிறதா என்பதே. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இதைவிட நேர்மையான அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு புதுச்சொல் ஆக்குவோரையும் அளக்கலாம். பேருந்து, வானொலி, நூலகம், கணினி ஆகியவை வென்றன; பொருள் முகத்திலேயே தெரிகிறது. காப்பிக்குக் ‘குளம்பி’ என்று பெயரிட்டுப் பார்த்தனர். அது ஏட்டிலேயே தங்கிவிட்டது. சொல்லாக்கம் செய்தவரை நாம் நகைக்க வேண்டியதில்லை. அவர் முயன்றார், மக்கள் வேறு தீர்ப்பளித்தனர். அயற்சொல்லைக் கேளாமல் ஏற்பவனும், மக்களைக் கேளாமல் புதுச்சொல்லைத் திணிப்பவனும் செய்யும் பிழை ஒன்றே.

கற்பதன் இன்பம்

இதுவரை கடமை என்றே பேசிவந்தோம். ஆனால் கேட்டறிதல் ஒரு சுமை என்று எண்ணுவது தவறு, அது பேரின்பம். அதற்கு நம் கும்பகோணமே சாட்சி.

வேதநாயகம் பிள்ளையின் நண்பரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அதே ஆண்டில் அவ்வூருக்கு முன்சீப்பாக வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிச் சொன்னபோது, முதலியார் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் படித்ததில்லை. அவர் அந்நூலைக் கையில் எடுத்தபோது, தமிழிலேயே தமக்கு அயலான ஓர் உலகம் இருப்பதைக் கண்டார். அது சமணரின் காப்பியம். அதன் சமயச் சொற்களுக்கு அவர் கற்ற நூல்களில் விடையில்லை.

அவர் என்ன செய்தார்? ஊகித்து எழுதிவிடவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பங்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அவர் சைவர், கல்லூரி ஆசிரியர், புகழ்பெற்ற ஆசானின் மாணவர். எனினும் அச்சொற்களைத் தம் வழிபாட்டில் அன்றாடம் வழங்கும் மக்களின் திண்ணையில் மாணவராக அமர்ந்தார். ஏழாண்டு உழைப்பில், 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. இருண்டிருந்த ஓர் அறையில் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு போவது போன்ற மகிழ்ச்சியை, அவரது தன்வரலாற்றின் அப்பகுதிகளைப் படிப்போர் எவரும் உணர்வர். மொழி கற்பதன் இன்பம் அதுவே. தெரியாது என்று சொல்லும் துணிவில் அது தொடங்குகிறது. தெரிந்தவர் வீட்டு வாசலுக்கு நடந்து செல்வதில் வளர்கிறது. இறுதியில் சொல்லோடு மனிதரும் நமக்குக் கிடைத்துவிடுகின்றனர்.

பெருநூல்களைப் பதிப்பிக்கும் பேறு நம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இரவு உணவின்போது பிள்ளை சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, “இது எங்கிருந்து வந்தது? அகராதியைப் பார்த்துச் சொல்லு, ராசா” என்று கேட்க எந்தத் தந்தைக்கும் இயலும். திருமண அழைப்பிதழில் இடும் ஒவ்வொரு அயற்சொல்லையும், “இது நம் பாட்டிக்கு விளங்குமா?” என்று கேட்டபின் அச்சுக்குக் கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் இயலும். மருத்துவமனையில் பணியாற்றும் நம் பெண்களுக்கும், வங்கியில் அமர்ந்திருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் முன் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, நீங்கள் சொன்ன சொல் அவருக்கு எட்டியதா என்று அறிந்தபின் அடுத்த வரியைச் சொல்லுங்கள். அது பிறரன்புப் பணிதான். வேறு பெயர் அதற்கு வேண்டியதில்லை.

பெந்தகோஸ்து நாளின் நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறும் முறை நோக்கத்தக்கது. பல நாடுகளிலிருந்து எருசலேமுக்கு வந்திருந்தோர், கலிலேயரின் பேச்சைத் தத்தம் தாய்மொழியில் கேட்டனர். தூய ஆவியார் கேட்டவர்களையெல்லாம் கலிலேய மொழி பேசச் செய்யவில்லை. அயலாரின் மொழிக்குள் நுழையும் உழைப்பைப் பேசுகிறவர்மீதே சுமத்தினார். கேட்கிறவரை அவர் தம் வீட்டிலேயே இருக்கவிட்டார். சொல்லை வழங்கும் ஒவ்வொருவர்க்கும், மேடையில் நிற்போர்க்கும் பீடத்தில் நிற்போர்க்கும் முதலாவதாக, விதிக்கப்பட்ட ஒழுங்கு அதுவே.